நாகம்மா கட்டிலில் நீராவி பட்ட இடம்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஹோட்டலிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே பிளாஸ்டிக்கில் குண்டாக ஒரு சாமான், அதற்கு ஒரு நீளக் குழாய்.

"ஆன்ட்டி, இது நீராவி மெஷின். இப்ப வீட்டுக்கு வீடு இதைத்தான் வாங்குறாங்க. நம்ம ஹோட்டல் மெத்தைக்கும் இனிமே இதுதான். நீங்க அந்தக் காலத்துலயே நீராவியில கிளீன் பண்ணீங்களாமே? எழுதிக் கொடுங்க லா, ஆண்டு மலர்ல போடணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவன் ஏதோ நேற்றுத்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்த மாதிரி அல்லவா பேசுகிறார்கள்! சிரித்துக்கொண்டே உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: எல்லாப் பரப்புகளுக்கும் பாதுகாப்பானது. சிரிப்பு நின்றுபோனது.

"யாரு இதை எழுதினவன்? அவனைக் கொஞ்சம் இங்க கூட்டிட்டு வாங்க" என்றேன்.

பிள்ளைகள் விழித்தார்கள். அவனைக் கூட்டிவர முடியாது என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். யாராவது அவனிடம் படித்துக் காட்டினால் நல்லது.

என் பெயர் ராஜம்மா. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்விடுவார். நான் வாடகை அறையில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருந்த இரண்டு சட்டியை எத்தனை தடவைதான் தேய்ப்பது? அப்போதுதான் பக்கத்து வரிசையில் குடியிருந்த பாக்கியம் அக்கா ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, தேய்த்துக் கவிழ்த்திருந்த சட்டியை எடுத்து மோந்து பார்த்தார். வாசனை பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை வேலைக்கு எடுத்த இன்டர்வியூ அவ்வளவுதான்.

அக்கா பல வருஷம் ஆஸ்பத்திரித் துணி அறையில் இருந்தவர். அங்கிருந்து விலகி, வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். அவரிடம் ஒரு மெஷின் இருந்தது. மலாக்காவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அதைச் செய்தவர் அவருடைய வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன்.

அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ரயில் ஓடியது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாம் பக்கம் கொண்டுபோய்விட்டான். அந்த ரயிலில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கு இன்ஜின் இல்லாமல் இருப்பு கொள்ளவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக் கொதிகலன் அறையில் வேலை கிடைத்தும், லீவு நாளில் எதையாவது கொதிக்கவைக்காமல் அவரால் இருக்க முடியாது. அப்படி ஒரு லீவில் பிறந்ததுதான் எங்கள் 'ஊதி'.

ஒரு செம்பு அண்டா, மூடியோடு சேர்த்துப் பற்றவைத்தது. அடியில் காற்றடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு. தலையில் எடைக்கட்டி வைத்த ஒரு வால்வு. அழுத்தம் கூடினால் எடைக்கட்டி எழும்பிச் சீட்டி அடிக்கும். பக்கத்திலிருந்து சாக்குத்துணி சுற்றிய ரப்பர் குழாய், அதன் நுனியில் பித்தளை மூக்கு, பிடித்துக்கொள்ள மரக் கைப்பிடி. இத்தனையையும் அண்ணன் ஒரு பழைய குழந்தை வண்டியில் ஏற்றியிருந்தார். துரை வீட்டு ஆயா தள்ளிக்கொண்டு திரிந்த வண்டி அது. சடக்கில் நாங்கள் தள்ளிக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து குழந்தையைப் பார்க்க வருவார்கள். உள்ளே கரி பிடித்த அண்டா! "அப்பா ஜாடை" என்பார் பாக்கியம் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முழங்கை வரை சுருட்டிய வெள்ளை ரவிக்கை, தூக்கிச் செருகிய சேலை, காலில் ரப்பர் பூட்ஸ். என்ன தப்பு செய்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: "துணி எங்க?"

ஏனென்றால் வலது கையில் குழாய் இருந்தால் இடது கையில் காய்ந்த துணி இருக்க வேண்டும். அதுதான் அவருடைய முதல் சட்டம். "நீராவி அழுக்கை எழுப்பி விடும், அவ்வளவுதான். தூக்கிட்டுப் போறது துணிதான். துணி இல்லாம ஊதினா அழுக்கு எழுந்து நின்னு உன்னைப் பாத்துட்டு மறுபடி உக்காந்துக்கும்" என்பார். என் இடது கை காலியாக இருந்த நாளெல்லாம் "துணி எங்க?" தான். கனவில்கூட அந்தக் குரல் கேட்கும்.

இரண்டாவது சட்டம், முதல் ஊதலைச் சாமான் மேல் காட்டக் கூடாது. குழாயில் தேங்கிய தண்ணீர் துப்பும். அதை வாளியில் துப்பவைத்துவிட்டு, வெள்ளையாகக் காய்ந்த புகை வந்த பிறகுதான் வேலை. இதை மறந்து முதல் வாரத்திலேயே ஒரு விளக்குச் சிமினியைப் படீரென்று உடைத்தேன். நல்லவேளையாக அது அக்கா வீட்டுச் சிமினி. "துணி எங்க?" என்றார். பொறுக்குவதற்கு.

மூன்றாவது, எண்ணிக்கை. பிரம்பு நாற்காலி என்றால் மூட்டைப்பூச்சி முடிச்சுக்குள்தான் இருக்கும். மூக்கை இரண்டு விரல் தூரத்தில் பிடித்து, ஒரு சாண் நகர முப்பது எண்ண வேண்டும். அவசரப்பட்டால் மேலே இருக்கிறவன் சாவான், உள்ளே இருக்கிற குடும்பம் பிழைத்துக்கொள்ளும். முடிச்சு முடிச்சாக ஊதும்போது பூச்சிகள் பொலபொலவென்று தரையில் உதிரும். அம்மாடி, அதைப் பார்க்க என்ன ஒரு சந்தோஷம்! தோட்டத்து லயத்து வீட்டில் சின்ன வயது முழுக்க அதுகளுக்கு ரத்தம் கொடுத்து வளர்த்தவள் நான். பழிவாங்குகிற மாதிரி ஊதுவேன். அக்கா நாற்காலியை மோந்து பார்ப்பார். "ம்ம், பொழைச்சுக்கும்" என்பார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான்காவது சட்டம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "புதுச் சாமானா? முதல்ல மறைவான இடத்துல ஒரு காசு அளவு ஊது. பத்து எண்ணு. துடை. மறுபடி பத்து எண்ணு. நல்லா இருந்தா வெளியில காட்டு." இந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. மீறாததால்தான் வந்தது வினை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிற ஆவணி மாதம் அது. டவுனெல்லாம் கொடி, தோரணம், பெயிண்ட் வாசனை. ஊரே வீட்டைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தது. "புது நாடு பொறக்குது, பழைய மூட்டைப்பூச்சியோடயா?" என்று கேட்டுக் கேட்டே அக்கா வேலை பிடித்துவிட்டார். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அப்போது டவுனை ஒட்டிய காஜா பேராங்கிலிருந்து ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். மீனாட்சி என்று பெயர். நாங்கள் மலாயில் மக்சிக், அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டோம். அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பம். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, சாமி அறையில் பிள்ளையார். ஆனால் உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தமிழில் கோயில், சாமி, பொங்கல் என்று சில வார்த்தைகள்தான் வரும். எனக்கோ அப்போது பசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய். எனவே எங்கள் பேச்சில் பாதி கையால் நடந்தது.

"பிஜாட்!" என்றார் மக்சிக், ஊர் கேட்டுவிடப் போகிறது என்ற பயத்தோடு, அடிக்குரலில். மூட்டைப்பூச்சி. எங்கே என்று கேட்டோம். அவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணக் கட்டிலில்.

அவருடைய ஒரே மகள் நாகம்மாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வீட்டின் நடு அறையில் நாலு தூண் கட்டில் ஒன்று நின்றது. சீனத் தச்சன் செய்தது. கருஞ்சிவப்பாகப் பளபளக்கிற அரக்குப் பாலிஷ், தலைமாட்டில் பூவும் பறவையுமாகச் செதுக்கித் தங்க வண்ணம் பூசியிருந்தது. மக்சிக்கின் மாமியார் கல்யாணமும் மக்சிக்கின் கல்யாணமும் அதில்தான் நடந்தன. அந்த வீட்டு வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து, அவர்கள் கையாலேயே கட்டிலுக்கு விரிப்பு விரிப்பார்கள். முந்தின நாள் ராத்திரி மக்சிக் புதுவிரிப்பைப் போட்டுப் படுத்துப் பார்த்திருக்கிறார், காலையில் அதில் சிவப்புப் பொட்டுகள். சம்பந்தி அம்மாவின் கையில் ஒரே ஒரு பூச்சி ஏறினால் போதும், காஜா பேராங் முழுக்க மறுநாள் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

நாகம்மாவுக்கு என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ குறைவு. கல்யாணப் பெண் என்கிற அடக்கம் துளியும் இல்லை. முதல் நாள் நாங்கள் அடுப்படிச் சுவரில் பிசுக்கு எடுத்தபோதும், இரண்டாம் நாள் பிரம்பு நாற்காலிகளை முற்றத்தில் போட்டு ஊதியபோதும் எங்கள் பின்னாலேயே சுற்றினாள். தமிழ் தெரியாத அந்தப் பெண் இரண்டே நாளில் ஒரு தமிழ் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மாதிரியே இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, "துணி எங்க?" என்பாள். நான் சிரித்துச் சிரித்து ஒருமுறை குழாயையே கீழே போட்டுவிட்டேன். அக்காவுக்குக்கூட உதடு துடித்தது.

மூன்றாம் நாள் காலை மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தது. அக்கா தகரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். "கட்டிலைத் தொடங்கு. சோதிச்சிட்டுத் தொடங்கு" என்றார். தனியாக எனக்குக் கொடுத்த முதல் வேலை! எனக்குத் தலை கால் புரியவில்லை.

சட்டப்படி செய்தேன். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால், சுவர் பக்கம், யார் கண்ணும் படாத இடமாகப் பார்த்து ஒரு காசு அளவு ஊதினேன். பத்து எண்ணினேன். துடைத்தேன். மறுபடி பத்து எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. தெம்பாக முன்னால் வந்து, தலைமாட்டு வலது தூணில் தொடங்கினேன். ஒரு சாணுக்கு முப்பது. புகை மூடிக்கொண்டதில் தூண் தெரியவில்லை. எண்ணிக்கை தவறக் கூடாது என்பதிலேயே என் கவனம் இருந்தது. இரண்டு சாண் முடித்துவிட்டுத் துணியால் துடைத்தேன்.

தூண் வெளுத்திருந்தது.

நீராவிதான் படிந்திருக்கிறது என்று நினைத்து மறுபடி துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். பாலில் தோய்த்த மாதிரி, கருஞ்சிவப்புத் தூணில் இரண்டு சாண் நீளத்துக்கு வெள்ளை. குழாயைக் கீழே வைத்தேன். அடுப்பை அணைத்தேன். அப்போது பார்த்து நாகம்மா காப்பியோடு உள்ளே வந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. பின்னால் வந்த மக்சிக் தூணைப் பார்த்துவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "புத்தே..." என்றார். வெள்ளை. கல்யாணக் கட்டிலில் வெள்ளை! அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் வருகிறார்கள்.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக. வேலை போனால் போகட்டும், இந்தப் பெண்ணின் கல்யாணத்தில் நான் வந்து இப்படிச் செய்துவிட்டேனே என்றுதான் ஆற்றாமை. மக்சிக் என்னைத் திட்டவில்லை. தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

பாக்கியம் அக்கா தகரத்தோடு வந்து சேர்ந்தார். தூணைப் பார்த்தார். நாக்கைப் பல்லில் தட்டிச் 'ச்ச்' என்று ஒரு சத்தம்.

"எங்க சோதிச்ச?"

"தலைமாட்டுக்குப் பின்னாலக்கா. நீங்க சொன்ன மாதிரியே மறைவாத்தான்..."

அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தார். கட்டைவிரலால் பலகையைத் தடவினார். வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை.

"அது வெறும் மரம். யாரும் பாக்க மாட்டாங்கன்னு தச்சன் அங்க பாலிஷே போடல. நீ மரத்தைச் சோதிச்சிருக்க, பாலிஷைச் சோதிக்கல" என்றார். பிறகு தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு, "மறைவா பாருன்னு சொன்னது நான்தான். எதை மறைவா பாக்கணும்னு சொல்லல. தப்பு என் வாயிலதான் இருக்கு. எந்திரி" என்றார்.

எழுந்தேன்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் மேசையில சூடான கோப்பையை வச்சு இதே மாதிரி வெள்ளையாச்சு. சமையக்காரர் சுருட்டுச் சாம்பலை எண்ணெயில குழைச்சுத் தேச்சு எடுத்தார். பாலிஷ் சாகல, மேல் தோல்தான் வெளுத்திருக்கு. இந்த வீட்ல யாரு சுருட்டுப் பிடிக்கிறது?"

யாரும் இல்லை. அடுப்புக் கரிச் சாம்பலைக் கொண்டுவந்தோம். இந்த முறை பாலிஷ் போட்ட மறைவிடமாகப் பார்த்து, தூணின் அடியில், சுவர் பக்கம் தேய்த்துப் பார்த்தார் அக்கா. மெல்லிசாகக் கீறல் விழுந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். துணியில் வடிகட்டிப் பார்த்தோம். அப்போதும் நறநறவென்றிருந்தது.

"மாவைவிட நைசா வேணும். விரல்ல எடுத்தா இருக்கிறதே தெரியக் கூடாது. இந்த நேரத்துல அப்படிச் சாம்பலுக்கு எங்க போறது?" என்று அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் மக்சிக்கின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய நெற்றியில் மூன்று கோடு. வெள்ளையாக, நைசாக.

சொல்ல வாய் வரவில்லை. சாமி சாமானை எடுத்து மரத்தில் தேய்ப்பதா? அதுவும் பூச்சி பிடித்த கட்டிலில்? நெருப்பு என்று தெரிந்தும் தொடுகிற பிள்ளை மாதிரி, என்னை அறியாமல் விரல் நீண்டுவிட்டது.

"திருநீறு" என்றேன்.

அந்த வார்த்தைக்கு மலாய் தேவைப்படவில்லை. மக்சிக் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தூணைப் பார்த்தார். அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். நான் அப்போது வேண்டாத தெய்வமில்லை.

மக்சிக் சாமி அறைக்குள் போனார். கும்பிடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் திருநீற்றுச் சம்புடம். பிள்ளையார் முன்னால் இருந்ததை அப்படியே எடுத்து வந்துவிட்டார். "துஹான் தா மாரா" என்றார். சாமி கோபித்துக்கொள்ளாது. பிறகு என் பக்கம் திரும்பி, கல்யாணமே பிள்ளையாருடைய வேலைதானே, அவரும் ஒரு கை கொடுக்கட்டுமே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நாகம்மா களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

அக்கா சம்புடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். நல்லெண்ணெயில் கூழாகக் குழைத்தார். மக்சிக்கின் வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்தோம். முதலில் தூணின் அடியில், ஒரு காசு அளவு. பத்து எண்ணினோம். நாலு பேரும் சேர்ந்து, இரண்டு மொழியில். கீறல் இல்லை.

"நீ தேய். நீ வெளுத்தது, நீயே எடு. மரத்தோட வரி போற பக்கமாவே போ. அழுத்தாத, தடவு" என்றார் அக்கா.

தடவினேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. "அக்கா!" என்று கத்திவிட்டேன். "துணியைப் பாத்துப் பிடி" என்றார். ஒரு மணி நேரத்தில் இரண்டு சாண் தூணும் கண்ணாடியாக நின்றது. என் முகம் அதில் தெரிந்தது. அழுது வீங்கின முகம்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக, தூணின் பின்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கம் கட்டைவிரல் அளவு வெள்ளை மிச்சம் இருந்தது. அதையும் தேய்க்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அதை விட்டுடு. யாருக்கும் தெரியாது. நமக்கு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கட்டும்."

தமிழில்தான் சொன்னார். மக்சிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, தப்பித்தோம் என்று எண்ணெயையும் துணியையும் எடுத்துவைத்தோம். மக்சிக் கட்டிலின் முன்னால் போய் நின்றார். தலையைச் சாய்த்து இந்தத் தூணைப் பார்த்தார், அந்தத் தூணைப் பார்த்தார். "யாங் தீகா லாகி?" என்றார்.

மிச்ச மூன்று?

பார்த்தால், நான் கெடுத்த தூண்தான் நாலு தூணிலும் அழகாக இருந்தது! மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் மங்கலாக, தூக்கம் கலையாத மாதிரி நின்றன. அக்காவே அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து அதுவரை பார்த்திராத சிரிப்பு. பிறகென்ன, நாலு பேரும் சேலையையும் சாரோங்கையும் இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம். கல்யாணப் பெண்ணும் ஒரு தூண் தேய்த்தாள். சம்புடம் காலியானது. மக்சிக் கோயிலுக்கு ஆள் அனுப்பித் திருநீறு வாங்கிவரச் சொன்னார்.

பூச்சியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் அந்தத் தச்சனின் சோம்பலே வழி காட்டியது. அவன் பாலிஷ் போடாத பொந்துகளிலும் பலகை மூட்டுகளிலும்தான் பூச்சிக் குடும்பமெல்லாம் இருந்தது. வழவழப்பான பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆப்புகளைத் தட்டிக் கட்டிலின் உள்பலகைகளைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய், ஒரு சாணுக்கு முப்பது எண்ணி ஊதினேன். எண்ணும்போது கண்ணைப் புகையிலிருந்து எடுக்கவில்லை. மெத்தையையும் ஊதி வெயிலில் போட்டோம். நாலு மணிக்குக் கட்டிலைப் பூட்டி முடித்தோம். ஐந்தரைக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வந்தார்கள்.

விரிப்பு விரித்த அம்மா தூணைத் தடவிப் பார்த்து, எந்தக் கடைப் பாலிஷ் என்று கேட்டிருக்கிறார். மக்சிக் கொஞ்சமும் அசராமல், "போலிஷ் சாமி" என்றாராம். அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று அவர்கள் ஊர் திரும்பும் வரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள் என்று நாகம்மா பிறகு சொன்னாள்.

கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு இருந்தது. போனோம். அடுத்த சில நாளில் மெர்டேக்கா வந்தது. ஊரே திடலில் கூடிக் கத்தியபோது நானும் தொண்டை கட்டும் வரை கத்தினேன். எதற்காக அதிகம் கத்தினேன் என்று கேட்டால், நாட்டுக்குப் பாதி, அந்தத் தூணுக்குப் பாதி.

அதற்குப் பிறகு அக்காவின் நான்காவது சட்டம் மாறியது. 'மறைவான இடம்' போய், 'அதே பூச்சு இருக்கிற மறைவான இடம்' என்று ஆனது. அக்கா கை தளர்ந்து வேலையை விட்ட பிறகு நான் ஹோட்டலுக்குப் போனேன். ஓய்வு பெறும் வரை எனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். எந்தப் புது மருந்து வந்தாலும், எந்தப் புது மெஷின் வந்தாலும், நான் தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் கையை விட்டு, வழவழப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் தொடவிட்டதில்லை. "மேடம் எதையோ தொலைச்சிட்டாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். தொலைக்கவில்லை. காஜா பேராங்கில் ஒரு கட்டிலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இருபது வருஷத்துக்கும் மேலே ஆனபோது, நாகம்மாவிடமிருந்து ஆள் வந்தது. அவள் மகளுக்குக் கல்யாணம். அதே கட்டில். பாக்கியம் அக்கா அப்போது காலமாகிவிட்டார். மக்சிக்கும் இல்லை. நான் மட்டும் போனேன். அறைக்குள் நுழைந்தால், பாயில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு சம்புடம் திருநீறு, கிண்ணத்தில் நல்லெண்ணெய், மடித்த பழைய வேட்டி. நாகம்மா கொஞ்சம் குண்டாகியிருந்தாள், அதே வாய்.

எனக்கு முதலில் அந்தப் பொட்டைப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தேன். எனக்கும் உடம்பு போட்டிருந்ததால் பாதியில் சிக்கிக்கொண்டேன். வலது தூணின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன். குனிந்து பார்த்தேன். டார்ச் கேட்டு வாங்கி அடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. மேலிருந்து கீழ் வரை ஒரே கருஞ்சிவப்பு.

"நாகம்மா, இங்க ஒரு வெள்ளை இருந்துச்சே" என்றேன் மலாயில். அதற்குள் எனக்கு மலாய் நன்றாகவே வந்திருந்தது.

"தெரியுமே" என்றாள். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே அம்மா தேய்ச்சு எடுத்துட்டாங்க. ஏன்மா, அது அவங்க விட்டுட்டுப் போன அடையாளம்லன்னு கேட்டேன். ஒரு பொண்ணு அழுத அடையாளம் என் வீட்டுக் கட்டில்ல எதுக்கு இருக்கணும்னு சொன்னாங்க."

நான் அந்தச் சந்துக்குள்ளேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக, எந்த ஊரில் எந்த அறையில் குனிந்தாலும் என் கண்முன் வந்து நின்ற அந்த வெள்ளை, கல்யாண வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. தமிழ் தெரியாத அந்த மனுஷி அக்கா சொன்னதைப் புரிந்துகொண்டு, அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், நாங்கள் போன பிறகு தன் கையாலேயே துடைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மூக்கிலும் கண்ணிலும் ஒழுகத் தொடங்கியது. வெளியே வரவும் முடியவில்லை, துடைத்துக்கொள்ளக் கையும் எட்டவில்லை.

நாகம்மா இடுப்பில் கை வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள். அச்சு அசல் பாக்கியம் அக்கா குரலில், அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழில் கேட்டாள்:

"துணி எங்க?"